மிச்சம் இருந்த ஒரு சுற்று

முதல் முறை என்னை விசில் ஊதி வெளியே எடுத்தார்கள். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

சைக்கிள் போட்டிதான். இத்தாலியில், நாங்கள் இருக்கிற பலேர்மோவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில வேளை துறைமுகத்துக்குப் பக்கத்து வீதிகளை அடைத்து, ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அது முடிந்ததும் இன்னும் மூன்று சுற்று. முன்னுக்கு ஓடுகிறவர்கள் வட்டத்தைச் சுற்றி வந்து பின்னாலிருந்து நம்மைப் பிடித்துவிட்டால் நடுவர் விசில் ஊதுவார். இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். ஓடினாய் என்று ஒருவரும் எழுதமாட்டார்கள்.

எனக்குச் சைக்கிள் புதிதல்ல. ஊரில் சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லை. விறகும் மண்ணெண்ணெயும் மாமியாரும் என் சைக்கிளின் பின்னால்தான் போனார்கள். இங்கே வந்தும் வீட்டு வேலைக்குச் சைக்கிளில்தான் போனேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பொறுமை எனக்கு இல்லை. போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் விற்கிற ஒருத்தி பெண்கள் கழகம் ஒன்றில் சைக்கிள் ஓடுகிறவள். ஒரு நாள் கடற்கரை வீதியில் அவள் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்க, நான் இரண்டு மரக்கறிப் பையோடு அவளை முந்திப் போய்விட்டேனாம். அடுத்த தடவை மீன் வாங்கப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஆர்? எத்தினை வயசு?"

சொன்னேன்.

"பொய்" என்றாள். மீனை நிறுக்காமலே பையில் போட்டாள். அப்படித்தான் நான் கழகத்தில் சேர்ந்தேன். பழைய பந்தயச் சைக்கிள் ஒன்றும் அவளே தேடித் தந்தாள்.

மகனுக்குப் பிடிக்கவில்லை. "அம்மா, விழுந்தால் ஆர் பாக்கிறது?"

"விழுகிறவளிட்டைக் கேள். நான் ஏன் விழுறன்?"

கோயிலில் ஒரு மச்சாள் இருக்கிறாள், என் கணவரின் தங்கை. எல்லாருக்கும் கேட்கத்தான் கதைப்பாள். "மச்சாள், உங்கடை வயசிலை ஆக்கள் முழங்காலுக்கு எண்ணெய் போடினம். நீங்கள் அதைக் காட்டிக்கொண்டெல்லோ ஓடுறியள்."

"எண்ணெய் போட்டுத்தான் காட்டுறன்" என்றேன். அது உண்மையும்தான். ஓடுவதற்கு முன் எல்லாரும் காலுக்கு எண்ணெய் தேய்ப்போம்.

முதல் போட்டியில் நான் செய்த பிழை கால் செய்த பிழை அல்ல. முன்னால் ஓடுகிறவள் காற்றை நெஞ்சில் வாங்குவாள். அவளுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவளுக்குப் பாதி வேலைதான். எல்லாரும் பின்னால் ஒட்டத்தான் பார்ப்பார்கள். எங்களிடம் அந்தப் பழக்கம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த கிண்ணத்தைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். ஒருத்தி எனக்காகக் காற்றை வாங்க நான் சும்மா பின்னால் போவதா என்று நினைத்து அடிக்கடி முன்னுக்குப் போனேன். அவர்கள் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் கால் ஈரத் துணி மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் போய்விட்டது, பிறகு பின்னால் வந்து பிடித்தது. விசில்.

மீன்காரி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நீ என்ன, எல்லாருக்கும் சமைச்சுப் போட வந்தனியா? பின்னுக்கு ஒளி. ஒளிக்கிறதுதான் இந்த விளையாட்டு."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒன்றை மட்டும் முடிவு செய்தேன். முதலாவதாக வருவது என் வேலை அல்ல. ஆனால் முழுச் சுற்றும் ஓடி, வீதியில் கீறியிருக்கிற முடிவுக் கோட்டை என் சைக்கிளில் தாண்டவேண்டும். இனி என்னை யாரும் விசில் ஊதி இறக்கக்கூடாது.

அடுத்த வருடம் அதே வீதிகள். அன்றைக்குத் தெற்கிலிருந்து சிரோக்கோ காற்று அடித்தது. வாயில் மண் கடிபட்டது. மீன்காரி சொன்னபடி பின்னால் ஒளிந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஒளிந்தேன்.

ஒளிந்தாலும் இலேசு என்று நினைக்கவேண்டாம். நாலு திருப்பம். ஒவ்வொன்றிலும் பிறேக் பிடித்து, வளைந்து, பிறகு நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்குவது போல எழுந்து உழக்கவேண்டும். கல் பதித்த இடத்தில் கை விறைக்கும். முன்னால் போகிறவளின் சில்லுக்கும் என் சில்லுக்கும் ஒரு சாண் இடைவெளி. அதை விட்டால் காற்று வந்து இடையில் நின்றுவிடும். கால் நோவை நான் பொறுப்பேன். மனம்தான் கள்ளன். நீண்ட வீதியில் ஓடினால் எப்படியும் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். இந்த வட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் நம்மை ஏற்றிவந்த வாகனம், தண்ணீர்ப் போத்தல், நிழல், கதிரை எல்லாவற்றையும் தாண்டித்தான் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் மனம் 'இறங்கன்' என்று கேட்கும். நான் வேலை செய்த பெரிய வீடுகளில் சன்னல் துடைக்கும்போது இன்னும் எத்தனை மிச்சம் என்று நிமிர்ந்து பார்க்கமாட்டேன். பார்த்தால் கை விழுந்துவிடும். அப்படியே அந்தக் கோட்டையும் பார்க்காமல் தாண்டினேன்.

ஒரு மணி நேரம் முடியப் போகிற வேளை, துறைமுக மதில் ஓரத்தில் காற்று நேரே முகத்தில் அடிக்கிற இடம். மீன்காரிதான் அங்கே கன நேரமாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். முழங்கையை அசைத்தாள். அடுத்தவள் வா என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருத்தியும் வரவில்லை. இன்னொரு தடவை அசைத்தாள். எல்லாரும் குனிந்து தங்கள் சில்லைப் பார்த்தார்கள்.

நான் போனேன். போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வருடம் தெரியாமல் செய்ததை இந்த வருடம் தெரிந்து செய்தேன். ஒரு மணி நேரம் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடிவிட்டு, அவள் தனியே மூச்சிரைப்பதைப் பார்த்துக்கொண்டு ஒளிந்திருந்தால், நான் ஓடி முடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"உனக்கு விசரோ?" என்றாள் நான் முந்தும்போது.

"ஓம்" என்றேன்.

மதில் முடியுமட்டும் காற்றை நான் வாங்கினேன். அடுத்த திருப்பத்தில் கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. பின்னால் ஒட்ட முடியவில்லை. பிறகு நான் தனி.

தனியாக ஓடும்போது வீதி நீண்டுவிடும். ஒரு மணி நேரம் முடிந்து கடைசி மூன்று சுற்றும் தொடங்கிவிட்டன. அவர்கள் எனக்கு முன்னால் போகப் போக எனக்குப் பின்னால் கிட்ட வந்தார்கள். வட்டம் என்றால் அப்படித்தான். திருப்பத்தில் மகன் நின்றான். போட்டிக்கு வரமாட்டேன் என்று சொன்னவன். "அம்மா, பின்னாலை வருகினம், ஓடுங்கோ" என்று கத்தினான். நான் இன்னும் குனிந்து உழக்கினேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலிகளின் இரைச்சல் கேட்டது. அவர்களுக்கு அது கடைசிச் சுற்று, எனக்கு அதற்கு முந்தின சுற்று. கோட்டை நான் தாண்டினேன். எனக்குப் பிறகுதான், இரண்டு சைக்கிள் தூரம் பின்னால், அவர்களில் முதலாவது ஆள் வென்றாள். கை தட்டினார்கள், எனக்கு இல்லை.

நடுவர் நடுவீதிக்கு வந்து கையைக் குறுக்கே பிடித்தார். ஒரு காலை ஊன்றி நின்றேன்.

"சிஞ்ஞோரா" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். "போட்டி முடிஞ்சுது. இறங்குங்கோ. உங்களைக் கடைசி இடத்திலை போடுறன், ஒரு சுற்றுக் குறைவெண்டு."

"ஏன் குறைவு? அவை என்னைப் பிடிக்கேல்லை."

"பிடிக்கேல்லைத்தான். ஆனால் எல்லாரும் அப்பிடித்தான் நிப்பாட்டுறவை. வீதியைத் திறக்கவேணும்."

"திறவுங்கோ. நான் ஓரத்தாலை போறன்."

"சிஞ்ஞோரா, இடம் தாறன் எண்டுறன்."

"தரவேண்டாம். எனக்கு ஒரு சுற்று மிச்சம் இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தள்ளி நின்றார்.

நின்ற காலை மறுபடி உழக்கத் தொடங்குவதுதான் அன்றைக்கு ஆகக் கடினம். தொடை இரண்டும் கட்டை மாதிரி இறுகிவிட்டன. முதல் திருப்பத்தில் தடுப்புகளை மடித்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்கூட்டரில் பாண் பெட்டியோடு குறுக்கே வந்து, என்னைக் கண்டு நின்று, "முடிஞ்சுதெல்லோ?" என்று கேட்டான். "எனக்கு இல்லை" என்றேன். மதில் ஓரத்தில் அதே காற்று. இந்தத் தடவை ஒளிக்க ஒருவரும் இல்லை. நாப்போலிக்குப் போகிற கப்பல் ஊதியது. கடைசித் திருப்பத்தில் வழுக்கப் பார்த்தேன், வழுக்கவில்லை.

கோட்டில் மீன்காரியும் மகனும் நின்றார்கள். நடுவர் வாகனத்தில் ஏற்றிய கதிரையை இறக்கி, அதில் உட்கார்ந்து காத்திருந்தார். நான் தாண்டியதும் கடதாசியில் ஏதோ வெட்டி எழுதினார்.

எனக்கு அவர்களின் எழுத்து வாசிக்க வராது. "என்ன எழுதியிருக்கு, பார்" என்று மகனை அனுப்பினேன்.

எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "குறைவு எண்டதை வெட்டிப்போட்டார். முழுச் சுற்று."

"இடம்?"

"கடைசி, அம்மா."

"சரியாத்தான் எழுதியிருக்கிறார்" என்றேன்.