லீமா விட்டுக்கொடுக்காத மண்

"முடியாது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், லீமாவுக்கு அந்த வேலையில் தனி ருசி வந்துவிடும். டிரைவிங் டெஸ்டில் அவள் திரும்பத் திரும்பத் தோற்றபோது, சொல்லிக்கொடுத்தவரே "விட்டுருங்க சிஸ்டர்" என்றார். நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் வாங்கி, நேராக அவர் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டு வந்தவள் அவள்.

முட்டத்துக்காரி. வளைகுடாவில், ருவைஸில், பல வருஷம் நர்ஸாக இருந்தாள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகுத் தண்டு தேய்ந்துபோனதால் வேலையை விட வேண்டியதாயிற்று. கணவர் யேசுராஜுக்கு ரிஃபைனரியில் ஷிப்ட் டூட்டி. மகன் புனேயில் படிக்கிறான். கம்பெனி கொடுத்த வீட்டுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த சின்ன மணல்தரை ஒன்று இருந்தது. துணி காயப்போடுவதைத் தவிர யாரும் அங்கே காலெடுத்து வைப்பதில்லை.

வேலையை விட்ட புதிதில் லீமா போனில் ஒரு வீடியோ பார்த்தாள். அமெரிக்காவில் ஒரு பெண் தோட்டத்தில் சிவப்புப் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுகிறாள். கட்டைவிரல் அளவு ஹம்மிங்பேர்ட் ஒன்று சிறகடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றபடியே குடிக்கிறது. மறுநாளே அதே மாதிரி பாட்டிலுக்கு ஆர்டர் போட்டுவிட்டாள்.

பாட்டில் வந்து அதைத் தொங்கவிடும்போது பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இன்ஜினியர் முத்துராமனின் மனைவி, திருச்சிக்காரி.

"லீமா, அது ஹம்மிங்பேர்டுக்கு வைக்கிறதாச்சே. அந்தப் பறவை இந்தப் பக்கமெல்லாம் கிடையாதுங்க."

"அது வராட்டா வேற ஏதாவது வரட்டு."

"வேற ஏதாவதுன்னா?"

"வந்த பெறவு பேரு கேட்டுச் சொல்லுதேன்."

எறும்புதான் வந்தது. வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சாயங்காலத்துக்குள் நுரைத்துப் புளித்தது. ஜெயலட்சுமி சொன்னது சரி என்பதுதான் லீமாவுக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலைக் கழுவினாள், நிரப்பினாள், மறுபடி தொங்கவிட்டாள்.

ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டுக்கு வெளியே, மஞ்சள் மணி மாதிரிப் பூத்திருந்த வேலிச்செடியில் ஒரு தேன்சிட்டைப் பார்த்தாள். வளைந்த மூக்கு. வெயில் பட்டதும் கருநீலமாக மின்னியது. அது அந்தரத்தில் நிற்கவில்லை. கிளையில் உட்கார்ந்து, பூவுக்குள் தலையை நுழைத்துக் குடித்தது. லீமா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அது பறந்துபோகும்வரை நின்றாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை அவிழ்த்தாள். உட்காரக் கிளையும் குடிக்கப் பூவும் கொடுத்தால் வராமலா போகும்?

"தொட்டியில வையி. நாம போவும்போ யாருக்காவது குடுத்துட்டுப் போலாம்" என்றார் யேசுராஜ்.

"தொட்டியில வச்சா வெயிலுக்கு வேரு வெந்துபோவும். தரையிலதான் வைப்பேன்."

"கம்பெனி தரையாக்கும் அது."

"செடிக்கு அது தெரியாது."

முதலில் வைத்த கன்றுகள் எல்லாம் ஜூலை வெயிலில் கருகின. உப்பு மண் என்றார்கள், வீண் வேலை என்றார்கள். வெயில் தணிந்ததும் லீமா மறுபடி வைத்தாள். செம்பருத்தி, கத்தாழை, அந்த மஞ்சள் மணிப்பூ. மேல்மண்ணை வாரிக் கொட்டிவிட்டு எருவும் புது மண்ணும் கலந்தாள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினாள். முதுகு வலித்தால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஊற்றினாள்.

குளிர் காலத்தில் கத்தாழை பூத்தண்டு விட்டது. மங்கலான மஞ்சள் வயிற்றோடு பெட்டைச் சிட்டுதான் முதலில் வந்தது. பின்னாலேயே ஆணும் வந்து, இடம் தனக்குத்தான் என்பதுபோல் கொடிக் கயிற்றில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தது. லீமா மதிலைத் தட்டினாள்.

"ஜெயா! பேரு கேட்டியளே. தேன்சிட்டு!"

மறு வருஷம்தான் பிளாஸ்டிக் புல் வந்தது. எல்லாப் பின்கட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தண்ணீரும் மிச்சமாகும் என்று சொல்லி, கம்பெனி ஆட்கள் வரிசையாக ஒவ்வொரு வீட்டிலும் மண்ணைச் சமப்படுத்திப் பச்சைப் பாயை விரித்துக்கொண்டே வந்தார்கள். லீமா வீட்டுக்கு வந்தபோது அவள் பின்கதவைத் திறக்கவில்லை. மேஸ்திரி ஹசன் அலி மதிலுக்கு வெளியே நின்று இந்தியில் கெஞ்சினான். எல்லா வீடும் முடிந்தது, இது ஒன்றுதான் பாக்கி, கதவைத் திற சகோதரி என்றான்.

"பாய், உனக்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா புல்லு மாஃபி. கலாஸ்" என்றாள் லீமா, கிடையாது, முடிந்தது என்பதை அரபியில்.

அவன் சிரித்துவிட்டு, சுருட்டிய புல்லை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனான். அன்றைக்கே ஹவுசிங் ஆபீசிலிருந்து யேசுராஜுக்கு போன் வந்தது. டூட்டி முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்க வேலைக்கு உலை வைக்காத லீமா. நாலு செடிக்காக ஆபீஸ்ல போய் நிக்கச் சொல்லுதியா?"

"நீங்க நிக்க வேண்டாம். நட்டது நானாக்கும். நான் போய் நிக்கேன்."

மறுநாள் அவளே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஆபீசில் இருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினான். தண்ணீர் அதிகம் செலவாகிறது என்றான். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை, வந்து பார் என்றாள். பூச்சி வருகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து புகார் இருப்பதாகச் சொன்னான். லீமாவுக்கு முகம் சிவந்தது. அங்கிருந்தே ஜெயலட்சுமிக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெயா, எனக்க செடியால ஒங்களுக்குப் பூச்சி வருதுண்ணு சொன்னியளா?"

ஜெயலட்சுமி அதிகாரிக்கும் புரியும்படி ஆங்கிலத்திலேயே பேசினாள். தான் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை, தன் பெயரைச் சொல்லி யாரும் எதையும் பிடுங்கக் கூடாது என்றாள். கடைசியில் தமிழில், "எனக்கு என் வீட்டுப் புல்லு பிடிச்சிருக்கு லீமா, சுத்தமா இருக்கு. உங்களுக்குச் செடி பிடிச்சா அது உங்க இஷ்டம். இதுல எனக்கென்ன?" என்றாள்.

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பூச்சிப் புகார் வேறு வரிசை வீட்டைப் பற்றியதாக இருக்கலாம் என்று இழுத்தான். வேலையாள் வந்தால் கதவைத் திறக்காமல் இருப்பது விதிமீறல் என்றான்.

"திறக்கேன். ஒங்க ஆளு வந்து பிடுங்கட்டு. பூத்து நிக்குத செடியைப் பிடுங்குததை நான் அங்கேயே நின்னு வீடியோ எடுப்பேன்" என்றாள் லீமா, அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவன் ஒரு வாரம் கழித்துப் பதில் சொன்னான். இவர்கள் குடியிருக்கும்வரை செடி இருக்கலாம், காலி செய்ததும் புல் போடப்படும், புதிதாக மரம் எதுவும் வைக்கக் கூடாது. யேசுராஜ் போனை வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். வாசலில் கிடந்த புல் சுருளை ஹசன் அலி வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனான். போகிற போக்கில் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, செம்பருத்தியில் தொங்கிய சிட்டை நோக்கி ஒரு சலாம் வைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை லீமா அல் குசைஸில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய், வரும்போது காரின் பின்சீட்டில் முருங்கைக் கொம்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். முருங்கைப்பூவில் தேன்சிட்டு மொய்க்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

யேசுராஜ் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "மரம் வைக்கப்பிடாதுண்ணு சொன்னானே."

"கேட்டேன்."

"கேட்டுட்டுத்தான் கொண்டாந்தியா?"

லீமா குனிய முடியாமல் கடப்பாரையோடு நின்றாள். யேசுராஜ் சட்டையைக் கழற்றிக் கொடிக் கயிற்றில் போட்டுவிட்டுக் கடப்பாரையை வாங்கினார்.

"ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்ல?"

"கீரைண்ணு சொல்லுங்க" என்றாள் லீமா. "நல்லா ஆழமாத் தோண்டுங்க."