கால்வாயில் விழுந்தது

நியூ டவுனில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போகிற வழியில் தினமும் கேஷ்டோபூர் கால்வாயைத் தாண்டுகிறேன். பாலத்தின் மேல் நெரிசலில் வண்டி நின்றால் ஓட்டுநர் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிவிடுவார். நாற்றம் அப்படி. கிழக்கு வங்காளத்து நெல்லும் வைக்கோலும் மீனும் ஒரு காலத்தில் இந்தத் தண்ணீரில்தான் கல்கத்தாவுக்கு வந்தன என்று சொன்னால், அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எட்டு வயதில் இந்தக் கால்வாயோடு சேர்ந்து கிழக்கே போகிற தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் படகில் போயிருக்கிறேன்.

நாங்கள் அப்போது சால்ட் லேக்கில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். கீழ்வீட்டு வங்காளியை நானும் அண்ணனும் காக்கு என்று கூப்பிடுவோம். சித்தப்பா என்று அர்த்தம். பாங்கர் பக்கம் கால்வாய்க் கரையில் ஒரு கிராமம் அவருடைய பூர்வீகம். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்களைப் படகில் ஏற்றி அந்தப் பக்கமெல்லாம் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். நகரத்துக்குள் கறுப்பாக இருக்கிற தண்ணீர் கிழக்கே போகப் போகப் பச்சையாகிவிடும் என்று அவர் சொன்னதை அம்மா நம்பவில்லை. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறிவிட்டாள்.

வினை பைனாகுலர் ரூபத்தில் வந்தது. அப்பாவுக்கு அலிப்பூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. அவருடைய மேலதிகாரிக்குப் பறவைகள் என்றால் உயிர். இவர் கால்வாயில் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் அந்த மனிதர் தன்னுடைய பைனாகுலரைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் திணித்துவிட்டார். என்னென்ன பறவை கண்ணில் படுகிறதோ அத்தனையையும் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு வேறு. அப்பாவுக்குத் தெரிந்த பறவைகள் காக்காயும் கொக்கும்தான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரண்டு நாளும் அதைத் துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, நடுநடுவே திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் தொடக்கூடாது. பாக்கணும்னா என்கிட்ட கேளுங்க. வாரைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் பாக்கணும்" என்று எங்களை நிற்க வைத்துச் சொன்னார். என்னை மட்டும் இரண்டாவது தடவை பார்த்துச் சொன்னார்.

படகு, நீளமான நாட்டுப்படகு. நடுவில் மூங்கில் கூரை, பின்னால் ஒரு மோட்டார். அந்த மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே அதற்குப் பொட்பொட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படகோட்டியை வங்காளத்தில் மாஜி என்பார்கள். "மாஜி வந்துட்டார்" என்று காக்கு சொன்னதும் அம்மா அப்பாவிடம் குனிந்து, "மாஜின்னா முன்னாடி ஓட்டினவரா? இப்ப ஓட்டுறதில்லையா?" என்று கேட்டாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

காக்கு சொன்னது பொய்யில்லை. தண்ணீர் பச்சையாகத்தான் இருந்தது. இரண்டு கரையிலும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. அங்கங்கே ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும். மாஜி மோட்டாரை நிறுத்தி மூங்கில் கழியால் தள்ளி வழி உண்டாக்குவார். ஒருவருக்கும் எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் அம்மாவின் மூக்குத்தியைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து மதகு ஒன்றைக் காட்டி, அந்தக் காலத்தில் வைக்கோல் படகுகள் இங்கே வரிசை கட்டி நிற்கும், சின்ன வயதில் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்ததுண்டு என்றார் காக்கு. அப்பா பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி, "அது என்ன பறவை?" என்று கேட்டார். காக்கு பார்த்துவிட்டு, "வாத்து. வீட்டு வாத்து" என்றார். அண்ணன் அதையும் எழுதிக்கொண்டான்.

மத்தியானம் புளியோதரையும் காக்கு கொண்டுவந்த சந்தேஷ் என்கிற வெல்ல இனிப்பும் சாப்பிட்டோம். குளிர்கால வெயில் முதுகில் விழுந்தது. அப்பா கூரைக்குள் சாய்ந்து கண்ணை மூடினார். காக்குவும் அப்படியே. அண்ணனிடம், "பாப்பாவைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு அம்மா ஏனங்களை அலம்ப உட்கார்ந்தாள். அண்ணன் பின்னால் மாஜியின் பக்கத்தில் போய் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத் தொடங்கினான்.

பைனாகுலர் அப்பாவின் தலைமாட்டில் துண்டுக்குள் இருந்தது.

நான் அதை எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கம் போனேன். அப்பா சொன்னபடி வாரைக் கழுத்தில் மாட்டத்தான் பார்த்தேன். தலையில் அம்மா பின்னிய மஞ்சள் கம்பளிக் குல்லா, அதன் உச்சியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நூல் பந்து. வார் அதில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. குல்லாவைக் கழற்றிப் படகின் விளிம்பில் வைத்தேன். அதற்குள் ஒரு மீன்கொத்தி, நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், கரையோர மூங்கிலில் வந்து உட்கார்ந்தது. வார் அப்புறம் ஆகட்டும் என்று நினைத்துப் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். அந்தச் சமயம் பார்த்துப் படகு எதன் மேலோ இடித்து ஒரு குலுங்கு குலுங்கியது. கையில் எதுவும் இல்லை. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து விரிந்து பின்னால் போனது. குல்லாவும் விழுந்திருந்தது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

படகின் முன்பக்கத்தில் பலகைகளுக்கு அடியில் பாயும் சாக்குகளும் போட்டுவைக்கிற ஒரு பொந்து இருந்தது. யோசித்துச் செய்ததாக நினைவில்லை. பலகையை நகர்த்தி உள்ளே இறங்கி, திரும்ப அதை இழுத்து மூடிக்கொண்டேன். உள்ளே தாரும் மீனும் கலந்த வாசனை. அலிப்பூர் என்றாலே எனக்கு அங்கிருந்த சிறைச்சாலைதான் ஞாபகம் வரும். அதிகாரியின் பொருளைத் தண்ணீரில் போட்டவர்களை அவர் அப்படியே பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிவிடுவார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. போகப்போகிறவர் அப்பாதான்.

மோட்டார் சத்தத்துக்கு மேலாக அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க! ஏங்க! தண்ணியில விழுந்துடுச்சுங்க! எடுங்க... ஐயோ, எப்படியாவது எடுங்க!"

அதற்குள் தெரிந்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்து படகே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி ஒரு அதிர்வு. பெரிய சத்தத்தோடு ஏதோ தண்ணீரில் விழுந்தது. "பாபு! பாபு!" என்று மாஜி கத்தினார், ஐயா என்று அர்த்தம். மோட்டார் நின்றது. இன்னொரு சத்தம், மாஜியும் குதித்துவிட்டார். பலகை இடுக்கு வழியாகக் காக்குவின் கால்கள் அங்கும் இங்கும் ஓடுவது தெரிந்தது. அப்பா தண்ணீரில் இருக்கிறார் என்று குரலை வைத்துத்தான் கண்டுகொண்டேன். இருமிக்கொண்டே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குற்றவாளியைத் தேடுகிறார் என்று நினைத்து இன்னும் உள்ளே ஒடுங்கினேன்.

அந்தப் பைனாகுலர் இவ்வளவு முக்கியமானது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அம்மா என்னென்னவோ சாமி பெயரெல்லாம் சொல்லி அழுதாள். வெளியே போனால் கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியது. இருட்டும் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டால், ஊர் திரும்பிய பிறகு ஓடிவிடலாம். எங்கே ஓடுவது என்பதை யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அழுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு வயதாகிவிட்டதால் இனிமேல் அழுவதில்லை என்று அறிவித்திருந்த அண்ணன்.

"என்னாலதாம்மா! என்னாலதான்! நான்தான் பாத்துக்கல!"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் போட்டதற்கு அவன் பழியை ஏற்கிறான். பலகையைத் தலையால் முட்டித் தள்ளிவிட்டு எழுந்து நின்று, பலம் கொண்ட மட்டும் கத்தினேன்.

"அண்ணன் இல்ல! நான்தான்! நான்தான் போட்டேன்!"

எல்லோரும் திரும்பினார்கள். காக்கு "ஓ மா!" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டாள். வலிக்கத் தொடங்குவதற்குள் என்னை இழுத்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி அணைத்துக்கொண்டாள். அவளுடைய தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தேன். படகுக்குப் பின்னால் இருபதடி தள்ளி, மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தலையில் ஆகாயத்தாமரை. மூக்குக்கண்ணாடி இல்லை. ஒரு கையில் என் மஞ்சள் குல்லா, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி என்னையே பார்த்தார்.

"யாரு... பாப்பாவா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, பாப்பாவா?" என்றார்.

"பாப்பாதாங்க! முழுசா இருக்கா!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா சிரித்தார். சேறும் தண்ணீருமாக நின்றுகொண்டு, நிறுத்த முடியாதவர் போலச் சிரித்தார். மாஜி அவரைப் பிடித்துப் படகில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறியதும் என் தலையில் கை வைத்தார். அடிக்கத்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை அப்படியே இருந்தது. குல்லா இல்லாத தலைக்குக் குளிருமே என்று வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் முழுவதும் தெரிந்ததும் மாஜி இன்னும் நான்கைந்து தடவை முங்கித் தேடிப் பார்த்தார். அடியில் சேறு, பைனாகுலர் அகப்படவில்லை. அப்பா கரகரத்த குரலில், தமிழ் வாடை அடிக்கும் தன் வங்காளத்தில், "தாக், தாதா, தாக்" என்றார். போகட்டும் அண்ணா, விடுங்கள் என்று. இவ்வளவு நேரம் அதற்காக அப்படிப் பதறியவர் எப்படி ஒரு நொடியில் விட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. அப்புறம் படகு மெதுவாகத் திரும்பியது. காக்குவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அப்பா ஆரஞ்சு உரித்தார். சுளை சுளையாக எனக்கே கொடுத்தார். அண்ணனும் ஒன்றும் கேட்காமல் என் சட்டை நுனியைப் பிடித்தபடியே வந்தான். தப்புச் செய்தவளுக்கு ஆரஞ்சு கிடைப்பது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். அப்பா வழக்கமான நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். பறவைப் பட்டியலை அதிகாரி வாங்கிக்கொண்டாராம். வாத்தைப் பார்த்துச் சிரித்தாராம். "பைனாகுலருக்கு என்ன சொன்னார்?" என்று அம்மா கேட்டாள். "குழந்தை எப்படி இருக்குன்னு கேட்டார். அது ஒண்ணுதான் கேட்டார்" என்றார் அப்பா. பெரியவர்கள் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

நான்கு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் நேர்மை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் அப்பாவைப் பற்றி எழுதினேன். இரவல் வாங்கிய பொருளை மீட்பதற்காகக் கால்வாயிலேயே குதித்தவர் என் தந்தை என்று முடித்திருந்தேன். ஆசிரியை 'மிக நன்று' என்று போட்டு, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். அம்மா படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குக் குதிச்சாருன்னு எழுதியிருக்க?"

"நீதானேம்மா கத்தின, விழுந்துடுச்சு, எடுங்கன்னு."

"அடிப்பாவி, உன்னைத்தானேடி சொன்னேன்!"

நம் பேச்சில் பொருளும் 'அது'. செல்லம் கொடுக்கிற வயதுவரைக்கும் பிள்ளையும் 'அது'தான். நான் ஒரு 'அது' என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "உங்கப்பாவுக்கு நீச்சல் ஒரு வீச்சுகூடத் தெரியாது" என்று மட்டும் சொன்னாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் கட்டுரையைப் படித்தார், எதையும் திருத்தவில்லை, கையெழுத்துப் போட்டார். நான் நகரவில்லை.

"மார்பளவு தண்ணிதான்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

பேனாவை மூடியபடி அப்பா சொன்னார்:

"குதிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."