ஏழு படங்களில் சித்தி

மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கண்டி வாவிக் கரைக்கு வந்து சேர்ந்தோம். முதலில் என் கண்ணில் பட்டது நடைபாதை முழுவதும் வெள்ளையாகத் தெறித்துக் கிடந்த பறவை எச்சம். கொக்குகள் மரங்களுக்குத் திரும்பும் நேரம் அது. பெரிய மாமா தலையை நிமிர்த்தி ஒவ்வொரு மரமாகப் பார்த்து, மேலே கிளை நீளாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். சித்தி கட்டியிருந்த நீலச் சேலை இரவல். அதில் ஒரு துளி விழுந்தாலும் வந்த காரியம் கெட்டுவிடும்.

வந்த காரியம் ஒரு புகைப்படம். சித்தி என் அம்மாவின் தங்கை. மாமா இருவருக்கும் மூத்தவர். நாங்கள் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். மாமா பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க், வாடகை வீடு குண்டசாலையில். சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தது அவர்தான். மாப்பிள்ளை இத்தாலியில் வேலை செய்பவர், லீவில் வந்திருந்தார். வத்தளையில் இருந்த அவர் வீட்டார் பெண்ணின் படத்தை இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

படத்தில் தோட்டத்து லய வீடுகளின் சுவரோ தேயிலைச் செடியோ தெரியக்கூடாது, கண்டி தெரிய வேண்டும் என்பது மாமாவின் முடிவு. தேவாலயத்துக்கு முன்னால் எடுத்தால் என்ன என்று அம்மா கேட்டதற்கு, தேவாலயம் வத்தளையிலும் இருக்கிறது என்றார். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைதான், அதுவும் விளக்குப் போட்ட பிறகுதான். அப்போது பார்த்தால் வெளிநாடு மாதிரி இருக்கும். அந்த வெளிச்சத்தில் சித்தியின் நிறமும் கொஞ்சம் எடுப்பாக விழும். இந்த இரண்டாவது காரணத்தையும் அவர் சித்தியின் எதிரிலேயே சொன்னார்.

சித்தி ஆசிரியப் பயிற்சிக்காகக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தெல்தோட்டையிலிருந்து வரும் வழியில், பஸ்சில், மாமாவிடம் அவள் மறுபடியும் கேட்டாள்.

“இன்டவியூ முடியட்டும்ண்ணே. அதுக்கப்புறம் நீங்க சொல்ற எடத்துல நிக்கிறேன்.”

“அவருக்கு லீவு ஆறே கெழமதான். டீச்சர் வேல எங்கயும் ஓடிறாது” என்றார் மாமா.

அந்த ஆறு வாரத்துக்குள் கலியாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்பது வயதுக்காரியான எனக்கு அந்த உரையாடலில் அக்கறை இல்லை. தனியாக நிற்கக் கூச்சமாக இருக்கிறது, பாப்பாவும் வரட்டும் என்று சித்தி பிடிவாதம் பிடித்ததால் எனக்கு இந்தப் பயணம் கிடைத்திருந்தது. நான் நிற்கும் பகுதியைப் பிறகு வெட்டிவிடலாம் என்று மாமா ஒப்புக்கொண்டதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் கவுனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

ஆறு இருபதுக்கு விளக்குகள் எரிந்தன. மாளிகையின் எண்கோண மண்டபத்துக் கூரை வானத்திலிருந்து பிரிந்து தெரிந்தது. அதன் கீழே மேகம் மேகமாக வெட்டிய வெள்ளை மதில் மஞ்சளாயிற்று. மாமா கமராவை எடுத்தார். அது தொழிற்சாலையில் ஒருவரிடம் வாங்கி வந்தது. முதலில் ஃப்ளாஷோடு ஒன்று எடுத்துப் பார்த்தார். சித்தியின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. பின்னால் ஒரே கறுப்பு.

“இதுக்கு வீட்டுலயே எடுத்திருக்கலாமே” என்று சொல்லி அதை உடனே அழித்தார்.

ஃப்ளாஷ் இல்லாமல் எடுப்பதானால் கமராவைச் சுவரில் வைக்க வேண்டும், இரண்டு எண்ணி முடிக்கும்வரை நிற்பவர்கள் அசையக்கூடாது என்று கமராக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மாமா தன் பையைக் கரைச்சுவரில் மடித்து வைத்து, அதன்மேல் கமராவை வைத்தார். சித்தி என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா எண்ணினார்.

திரையில் வந்த முதல் படத்தில் மாளிகை அவ்வளவு அழகாக இருந்தது. சித்தியின் முகம் இருந்த இடத்தில் கெட்டிலிலிருந்து வரும் ஆவி போல ஏதோ ஒன்று இருந்தது.

“ஆடுனியா?”

“நான் ஆடலண்ணே. இவதான் கையப் புடிச்சு இழுக்குறா.”

இழுத்த நினைவு எனக்கு இல்லை. ஆனால் சித்தி பொய் சொல்லிக் கேட்ட நினைவும் இல்லை. ஆகவே இழுத்திருப்பேன் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது படமும் மூன்றாவதும் அப்படியே வந்தன. சுண்டல் கடலை விற்றுக்கொண்டிருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, புள்ளட கையில கொஞ்சம் கடல குடுங்க. ஆடாம நிக்கும்” என்றார்.

மாமா வாங்கித் தந்தார். ஒரு கையில் கடலைச் சுருளும் மறு கையில் சித்தியுமாக நான்காவது படத்துக்கு நின்றேன். அதிலும் ஆவிதான். நான் மென்றதால் வந்த வினை என்று சித்தி சொன்னாள். அப்படியானால் மெல்லுகிற புள்ளையின் படமல்லவா கலங்கியிருக்க வேண்டும் என்று பெரியவர் கேட்டார். மாமா அதைக் காதில் வாங்காமல் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

“அவ இல்லாட்டி நானும் நிக்கல. ரோட்டுல போறவங்கல்லாம் பாக்குறாங்க” என்றாள் சித்தி.

அப்போது வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு பயிற்சி ஆசிரியைகள், மார்போடு கோப்புகளை அணைத்தபடி, எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவள் சிரித்தாள். அவர்கள் வளைவில் மறையும்வரை சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பார் என்று மாமா இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மாளிகைக்குள் பூசை மேளம் தொடங்கியது. ஐந்தாவது, ஆறாவது. ஏழாவது படத்துக்கு நான் மூச்சை அடக்கினேன், செருப்புக்குள் கால்விரல்களை மடக்கித் தரையைப் பிடித்துக்கொண்டேன். மாமா எண்ணி முடித்த பிறகும் மூச்சுவிடப் பயமாக இருந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னிடம் வந்தார், தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்தது. சித்தி வாவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. கம்பியூட்டரில் போட்டால் சரியாகுமா என்று கேட்டு வருவதாக மாமா போனும் இன்டர்நெட்டும் உள்ள ஒரு கொமினிகேஷன் கடைக்குள் நுழைந்தார். நாங்கள் வெளியே நின்றோம். பத்து நிமிடத்தில் வந்தார், நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தார். மாமா வீட்டுக்குப் போகும் குண்டசாலை பஸ்சில் சித்தியும் நானும் ஒரே சீட்டில் இருந்தோம். அவள் என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை விரல் விரலாகத் தடவிக்கொண்டே வந்தாள். படத்தைக் கெடுத்த என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு அவ்வளவு நல்ல மனசு என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன்.

அந்தப் படங்களை மாமா ஒரு சீடியில் ஏற்றி வைத்திருந்தார். என் இருபத்து மூன்றாவது வயதில், சித்தியின் முகத்தை நேரில் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்த ஒரு நாளில், அவளைத் தேடித்தான் அதைத் திறந்தேன். ஏழு படங்களிலும் என் கவுனின் பொத்தான்களை எண்ணலாம். மதிலில் விளக்கு வைக்கும் முக்கோணத் துளைகளையும் எண்ணலாம். எங்கள் இருவரின் கைகள் கோர்த்திருக்கும் இடம் துல்லியமாக இருக்கிறது. அவளுடைய நகங்கள்கூடத் தெரிகின்றன. நீலச் சேலையின் மடிப்புகள் தோள்வரை ஒழுங்காக இருக்கின்றன. கலங்கியிருப்பது தோளுக்கு மேலே மட்டும்தான். ஒன்றில் தலை இடமிருந்து வலம் போயிருக்கிறது, மற்றொன்றில் வலமிருந்து இடம். பக்கத்தில் நிற்கும் சிறுமி ஏழிலும் சிலை மாதிரி நிற்கிறாள். அன்று அந்தச் சின்னத் திரையில் நாங்கள் எல்லோரும் சித்தியின் முகத்தை மட்டுமே தேடினோம். எங்கள் கைகளைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கொமினிகேஷன் கடையில் படத்தைச் சரிசெய்ய முடியவில்லை. இருந்தவற்றில் பரவாயில்லை என்று ஆறாவதை மாமா அங்கிருந்தே ஈமெயிலில் வத்தளைக்கு அனுப்பியிருந்தார். நான்காம் நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, கலியாணத்தை மூன்று வாரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.