நல்ல தோட்டா

சாரல் காலத்தில் எங்கள் ஊருக்கு வெயில் வருவது விருந்தாளி வருவது மாதிரி. சொல்லாமல் வரும், காப்பி போடுவதற்குள் கிளம்பிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மேலகரத்து மொட்டைமாடிகளில் எல்லாம் ஈரத்துணியும் மிளகாய் வற்றலும் ஏறிவிடும். எங்கள் மாடியில் மட்டும் கூடவே ஒரு சுளகு ஏறும். கல்யாணமாகி வந்த புதிதில் அதில் என்ன காய்கிறதென்று குனிந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். சிவப்பும் பச்சையுமாகத் துப்பாக்கித் தோட்டாக்கள். பக்கத்தில் என் மாமனார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் திருப்பிவைத்துக் கொண்டிருந்தார். நேர்வெயில் ஆகாதென்று சுளகின் மேல் தன் பழைய வேட்டியைப் பந்தல் மாதிரிப் பிடித்துக் கட்டியிருந்தார். நான் பிறந்தது ஆலங்குளம். எங்கள் பக்கம் காய்வதற்கு எதையும் வெளியே வைக்க வேண்டியதில்லை, மனுஷரே காய்ந்துதான் கிடப்போம். துப்பாக்கித் தோட்டாவுக்கும் ஈரம் பிடிக்கும் என்பதை இந்த வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்கு மலையடிவாரத்தில் தென்னையும் வாழையுமாக ஒரு தோப்பு இருந்தது. காட்டுப்பன்றி இறங்கி வாழைக்கன்றுகளைப் புரட்டிப் போட்டுவிடும் என்பதால் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கி ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். வேட்டையாட அல்ல. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று கணக்கு உண்டு. திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப்போய்க் கடைக்காரரிடம் ஒவ்வொன்றையும் கையில் உருட்டிப் பார்த்து வாங்குவார். சத்தத்துக்குச் சின்ன ஈய ரவை போட்டது போதும், ஆனாலும் பெரிய ரவை போட்டதும் கொஞ்சம் வாங்கிக்கொள்வார். என் மாமியார் புடவைக் கடையில் முந்தானையை விரித்துப் பார்க்கும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கேலி.

வீட்டில் அவற்றுக்கு இரண்டு டப்பாக்கள். புதியவை பிஸ்கட் டப்பாவில், ஈரத்தை இழுக்க ஒரு வறுத்த அரிசி முடிச்சோடு, பீரோவுக்குள் பூட்டுப் போட்டு இருக்கும். பழையவை தகர டப்பாவில். அடிப்பித்தளை களிம்பேறி, சிலது ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையாது. நுழைவதைப் பார்த்து எடுத்து, முதலில் பழையதைத்தான் போடுவார். பழைய அரிசியைத் தீர்த்துவிட்டுப் புது மூட்டையைப் பிரிக்கும் வீடு இது. தோட்டாவுக்கும் அதே சட்டம்தான். சில நாள் வெடிக்கும், சில நாள் வெடிக்காது. வெடிக்காவிட்டால் தகர டப்பாவைத் தட்டிச் சத்தம் எழுப்பிவிட்டு வருவார்.

அத்தைக்கு அது பொறுக்காது. "நல்லதப் போட்டுட்டுப் போனா என்ன கொறஞ்சா போயிரும்? அதப் பூட்டி வச்சு யாருக்குக் குடுக்கப் போறீய?" என்பாள்.

"இருக்கட்டும்ட்டி. ஒரு அவசரம்னா அதுதாம் கைகுடுக்கும்" என்பார் மாமா. விடாமல், "ஓம் பட்டுச்சேல மட்டும் எதுக்கு மடிப்புக் கலையாமக் கெடக்கு? அத மொதல்ல உடுத்து, நாம் புதுசப் போடுதேன்" என்பார். அத்தை சிரித்துவிடுவாள். நான் எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டு அது. ஒரு நல்லநாள் வரட்டும் என்று அதையும் அதே பீரோவில், பிஸ்கட் டப்பாவுக்கு மேல்தட்டில்தான் வைத்திருந்தாள்.

அந்த ஆடி மாதம் ஒரு வாரமாக வெயிலே எட்டிப்பார்க்கவில்லை. சாரல் நின்ற ஒரு காலையில், மாட்டுக்குப் புல் அறுக்கலாமென்று அத்தையும் மாமாவோடு தோப்புக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று வழக்கம்போல, "நல்லதத்தான எடுத்தீய?" என்று கேட்டாள். அவரும் வழக்கம்போல, "இருக்கட்டும், வா" என்றார். அவள் பேச்சில் நான் கடைசியாகக் கேட்டது அந்தக் கேள்விதான்.

வாழைக்குள் குட்டிகளோடு ஒரு பன்றி கிடந்திருக்கிறது. அத்தை முன்னால் போயிருக்கிறாள். அது அவள்மேல் பாய வந்தபோது மாமா குறிபார்த்து ஒரு குழலின் விசையை அழுத்தினார். 'டக்' என்றது. அடுத்ததையும் அழுத்தினார். அதுவும் 'டக்' என்றது. பிறகு துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்துத்தான் விரட்டியிருக்கிறார். அவர் போட்ட கூப்பாட்டில் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி ஓடிவந்தபோது, பன்றி குத்திக் கிழித்த அத்தையின் தொடையில் மாமா தன் வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தாராம். தென்காசியில் முதலுதவி செய்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். என் ஊரான ஆலங்குளத்தைத் தாண்டும்போது ஆம்புலன்சில் மூச்சு நின்றுவிட்டது.

குளிப்பாட்டி உடுத்துவதற்குப் பீரோவைத் திறந்தது நான்தான். அரக்குப் பட்டில் கடைக்காரர் குத்திய குண்டூசிகூட எடுக்காமல் இருந்தது. அதன் கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பா. திறந்து பார்த்தேன். வறுத்த அரிசி மொறுமொறுவென்றிருந்தது. தோட்டாக்கள் அப்படியே பளபளத்தன. எனக்கு மாமாவின் மேல் வந்த கோபத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவரைத் திரும்பிப் பார்த்த நொடியில் அது வடிந்தும் போயிற்று. வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, ஒரு மத்தியானம் பீரோ திறந்து கிடந்தது. டப்பாவும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, மாமாவும் இல்லை. என் கணவர் சட்டைகூடப் போடாமல் பைக்கை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பாதி வழியிலேயே முதல் வெடி கேட்டது. என் கணவர் "அப்பா" என்று கத்தினார். இரண்டாவது வெடி கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒரே ஆள் தன்னைத்தானே இரண்டு தடவை சுட்டுக்கொள்ள முடியாதில்லையா. அப்படியெல்லாம் புத்தி போயிற்று. தோப்புக்குள் நுழையும்வரை வெடித்துக்கொண்டே இருந்தது.

அத்தை விழுந்த இடத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். காலைச் சுற்றி வெற்று உறைகள் கிடந்தன. டப்பா காலி. என் கணவர் துப்பாக்கியைப் பிடுங்கினார். மாமா விட்டுவிட்டார்.

"ஒண்ணாச்சும் நமுத்துப் போயிருக்கும்னு பாத்தம்ல. அந்தச் சாரல்ல எதப் போட்டிருந்தாலும் வெடிச்சிருக்காதுன்னு ஆயிருக்கும். ஒண்ணுகூட ஏமாத்தலலே" என்றார். என் கணவர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் உறைகளைப் பொறுக்கினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அடுத்த தேர்தலுக்கு உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னபோது கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லோரும் திரும்ப வாங்கினார்கள். இவர், வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். தோப்பையும் விற்றாயிற்று. இப்போது அங்கே ஒரு ரிசார்ட் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் வந்தால் குளிக்க வருகிறவர்கள் அங்கே தங்கி, பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் வெடி போடுகிறார்கள்.

நேற்று மத்தியானம் சாரல் விட்டுக் கொஞ்சம் வெயில் வந்தது. மிளகாய் வற்றலைச் சுளகில் கொட்டி மாடிக்கு எடுத்துப்போனேன். அதே சுளகுதான். மாமா பின்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு மிளகாயாகத் திருப்பிவைத்துக் கொண்டிருந்தார். மலைப்பக்கமிருந்து சரவெடிச் சத்தம் வந்தது. அவர் கை நின்றது. சரம் வெடித்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா, இந்தச் சாரல்லயும் வெடிக்கத்தான செய்யுது" என்றார்.