சொர்க்கவாசலுக்கு அந்தாண்டை

வேற்றுலகம் என்றால் எனக்கு இன்றைக்கும் பொட்டுக்கடலை வாசனைதான். அண்ணன் கதை சொல்ல உட்கார்ந்தால் அவன் கால்சட்டைப் பையில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும், அதோடு ஒட்டிப் பிசுபிசுத்த வெல்லத் துண்டும் இருக்கும். ஒரு வாக்கியம் சொல்வான், கொஞ்சம் மெல்லுவான், மறுபடி ஒரு வாக்கியம் சொல்வான். முக்கியமான இடம் வந்தால் வேண்டுமென்றே மெதுவாக மென்று என் உயிரை வாங்குவான். அவன் பெயர் ரவி. என்னைவிட எட்டு வயது மூத்தவன். பொன்மலை ரயில்வே “குவார்ட்டர்ஸ்” வீட்டில் எனக்குத் தெரிந்த முதல் கதைசொல்லி, என்னை முதலில் ஏமாற்றியவன், இரண்டும் அவன்தான்.

கதைகள் எங்களுக்கு ஓர் அட்டைப்பெட்டியில் வந்தன. எதிர் வரிசையில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, கூடவே எடுத்துப்போக முடியாத சாமான்களை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்கள். மற்ற வீடுகளுக்கு நாற்காலியும் பூந்தொட்டியும் போக, எங்களுக்கு வாய்த்தது அட்டை கிழிந்த ஆங்கிலச் சிறுவர் புத்தகங்கள். தமிழ் மீடியத்தில் படித்த அண்ணன் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பாதியைப் படித்தான், மீதியைத் தானே இட்டுக்கட்டினான். எது புத்தகம், எது அண்ணன் என்று பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியாது, தோன்றவும் இல்லை.

அந்தக் கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். அங்கே உள்ள பெரியவர்கள் எப்போதும் வேலையாக இருப்பார்கள், அல்லது நல்லவர்களாக இருந்து காது மட்டும் கேட்காமல் இருப்பார்கள். பரணிலோ கிணற்றடியிலோ யாரும் கவனிக்காத ஒரு கதவு இருக்கும். தேடிப் போனால் திறக்காது, மறந்துபோய்ச் சாய்ந்தால் திறந்துகொள்ளும். கடைக்குட்டிதான் முதலில் உள்ளே போய்விட்டு வருவாள், அவளை யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு எல்லாரும் போவார்கள், அங்கே வருஷக்கணக்கில் சண்டை போட்டு ராஜ்ஜியம் ஆண்டு திரும்பினால், இங்கே அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்கியிருக்காது. கூடப் பிறந்தவர்களில் ஒருத்தன் அற்ப ஆசைக்காக மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பான், கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் அவனை மன்னித்துக் கட்டிக்கொள்வார்கள். இவற்றை எல்லாம் அண்ணன் “சட்டம்” என்பான். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த உலகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் “அந்தாண்டை”. எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. அந்தாண்டை போனவரைப் பற்றிப் பெரியவர்களிடம் மூச்சு விடக்கூடாது. விட்டால் கதவு மூடிக்கொள்ளும், உள்ளே போனவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்பிப்பேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் அப்படியொரு கதவைத் தேடி நான் படாத பாடு பட்டேன். விறகு போடும் பொந்துக்குள் புகுந்து உட்கார்ந்து பல்லியோடு ஒரு மத்தியானத்தைக் கழித்து, அம்மாவிடம் முதுகில் நான்கு வாங்கியதுதான் மிச்சம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷம் முழுக்க மூடிக்கிடந்து மார்கழியில் மட்டும் திறக்கிற ஒரு வாசல் எங்கள் ஊரிலேயே, பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறதே. அதன் பெயரிலேயே சொர்க்கம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “ஆமா, அதுதான்” என்றான். அன்றைக்கு எனக்குப் பெருமை பிடிபடவில்லை. யோசனையை அவனுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தானோ என்று பிற்பாடு தோன்றியிருக்கிறது. தோன்றட்டும், எட்டு வயதுப் பிள்ளையின் யோசனையைப் பதினாறு வயதுக்காரன் என்ன செய்தான் என்பதற்கு அந்தப் பிள்ளை பொறுப்பல்ல.

வீட்டில் அப்போது அவனுக்கும் அப்பாவுக்கும் ஆகவில்லை. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டிருந்தான். அப்பா “ஒர்க் ஷாப்”பில் ஃபிட்டர். அவருக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் ஒர்க் ஷாப்தான். “இந்த வருஷம் பாஸ் பண்ணலைன்னா பேசாம அப்ரண்டிஸ்ல சேர்ந்துடு, சங்கு ஊதினா போ, சங்கு ஊதினா வா” என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சொல்வார். அண்ணன் பதில் பேச மாட்டான். கதையில் மட்டும் அந்த மாதம் ஒரு ராட்சசன் வந்தான், அவன் ஊதும் சங்குக்கு ஊரே எழுந்து உட்கார்ந்தது. நான் சிரித்தேன்.

வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது என்பதால், எங்கள் பக்கத்து ரயில்வே குடும்பங்கள் எல்லாம் அதையொட்டி வரும் ராப்பத்துத் திருவிழா நாட்களில் ஒரு மத்தியானம் போய் நிதானமாகச் “சொர்க்கவாசல் மிதித்துவிட்டு” வருவது வழக்கம். ஏகாதசிக்குத் திறந்த வாசலை அந்த நாட்களிலும் திறந்து வைப்பார்கள். அப்பாவுக்கு டியூட்டி. அம்மாவும் அண்ணனும் நானும் போனோம். அண்ணன் தோளில் ஒரு துணிப்பை. “பிரசாதம் வாங்க எதுக்குடா இவ்வளவு பெரிய பை?” என்று அம்மா பஸ்ஸில் கேட்டாள். “பொங்கலும் வாங்கலாம்ல” என்றான். அதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வரிசையில் அம்மாவுக்குக் கால் வலி கண்டது. “நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் மெதுவா வரேன். தங்கச்சி கையை விட்டுடாதே” என்று அண்ணனிடம் சொன்னாள். அவன் விடவில்லை. வாசலைத் தாண்டும் வரை இறுக்கிப் பிடித்திருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். திறந்து பார்த்தால் மறுபக்கமும் அதே வெயில், அதே மணல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வியர்வை துடைக்கும் அதே ஜனங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “ஒண்ணுமே இல்லையேண்ணா” என்றேன்.

அவன் என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தான். “உனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்த்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். இங்கேயே நில்லு.”

“சின்னவதானே முதல்ல போகணும்? அதுதானே சட்டம்?”

“அது புஸ்தகத்துல. யார்கிட்டயும் சொல்லாதே. அம்மா கேட்டாலும் சொல்லாதே. சொன்னா என்ன ஆகும்?”

“கதவு மூடிக்கும்.”

“சமத்து” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் நடந்தான். தூண்களுக்கு நடுவே அவன் சட்டை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கதவு என் கண்முன்னே வேலை செய்துவிட்டது என்று நம்பினேன்.

அம்மா வந்து கேட்டாள். தெரியாது என்றேன். கூட்டத்தில் தொலைந்துவிட்டான் என்று அவள் தவித்தாள். கோயில் மைக்கில் அவன் பெயரையும் பொன்மலையையும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். டியூட்டி முடிந்து அப்பா அழுக்கு யூனிஃபார்மோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். கோயிலுக்குள்ளேயே பொழுது சாயும்வரை தேடினார்கள், ஒருவருக்கும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. மைக்கில் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பயம், இவர்கள் போடும் சத்தத்தில் கதவு மூடிக்கொள்ளுமோ என்று. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, “உன்கிட்ட ஏதாவது சொன்னானா, யோசிச்சுச் சொல்லும்மா” என்று கெஞ்சியபோதும் வாயை இறுக்கிக்கொண்டேன். அவன் உயிரையே நான்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவன் துணிமணி இல்லாததைப் பார்த்த பிறகுதான் ஓடிப்போயிருக்கிறான் என்று அவர்களுக்குப் புரிந்தது. இரண்டு நாள் கழித்து அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அண்ணன் மண்டபத்துப் பக்கமாக அந்தாண்டை போயிருக்கிறான், இங்கே நேரமே ஆகாது, சீக்கிரம் வந்துவிடுவான், நான்தான் பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்து என்னை அறைந்தாள். வலி மறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னது மறக்கவில்லை. “பார்த்துட்டுத்தான் இருந்தியா? அப்பவே சொல்லியிருந்தா ஸ்டேஷன்லயே பிடிச்சிருக்கலாமே, கூப்பிடு தூரம்தானேடி.” அண்ணன் சொல்லக்கூடாது என்றான் என்று அழுதேன். “அவன் அப்படிச் சொல்ற பிள்ளை இல்லை. உன் தப்பை அவன் தலையில போடாதே” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஏக்கம்தான். அம்மா என்னை நம்ப வேண்டும். அதற்கு அண்ணன் திரும்பி வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் வர வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டது ஒரு காரணத்துக்கு, நான் வேண்டிக்கொண்டது இந்தக் காரணத்துக்கு. அவள் என்னை வெறுத்தாள் என்று சொல்ல மாட்டேன், தலை வாரிவிட்டாள், சோறு போட்டாள், படிக்க வைத்தாள். ஆனால் வீட்டில் ஏதாவது காணாமல் போனால், ஒரு கரண்டியே ஆனாலும், முதலில் என் முகத்தைப் பார்ப்பாள்.

அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. வாடகை குறைவு என்று அப்பா வையம்பட்டிப் பக்கம் வீடு பார்த்தார். அம்மா ஒரே பிடிவாதமாக ஸ்ரீரங்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றாள். காணாமல் போன இடத்துக்குத்தான் தேடிக்கொண்டு வருவான் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு மார்கழியும் என்னையும் இழுத்துக்கொண்டு சொர்க்கவாசல் மிதிக்கப் போவாள். மற்றவர்கள் மோட்சத்துக்கு மிதித்தார்கள், அவள் மகனுக்கு மிதித்தாள். தாண்டியதும் பெருமாளைப் பார்க்காமல் தூண்களைப் பார்ப்பாள், நான் தரையைப் பார்ப்பேன்.

நான் காலேஜ் முடித்த வருஷம், ஒரு மத்தியானம், அவன் வந்தான். பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலையாம். முகம் அகன்று மீசை வைத்திருந்தான். நேராகப் பொன்மலை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். வேறொரு குடும்பம் திறந்து, யாரென்று கேட்டிருக்கிறது. பழைய அக்கம்பக்கத்தார் ஒருவர்தான் எங்கள் புது விலாசத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். உள்ளே வந்து செருப்பைக் கழற்றியவன் முதலில் பேசியது இதுதான்: “என்னம்மா, சொல்லாம கொள்ளாம வீட்டை மாத்திட்டீங்க?” அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டான். நாங்கள் அதே அடுப்படியில் அதே பாலைக் காய்ச்சிக்கொண்டு, அவன் விட்டுவிட்டுப் போன நிமிஷத்திலேயே நிற்போம் என்று நினைத்திருக்கிறான். இட்டுக்கட்டிய சட்டத்தைத் தானே நம்பியிருக்கிறான்.

அம்மா அழுது முடித்து, அவனை உட்கார வைத்து வத்தக்குழம்பு ஊற்றினாள். அப்பா மேஜை விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். நான் இத்தனை வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டேன்.

“அண்ணா, அன்னைக்குச் சொர்க்கவாசல்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன? அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லேன்.”

சோற்றில் இருந்த அவன் கை நின்றது. “நானா? அந்த அவசரத்துல உன்கிட்ட நின்னு பேசினேனாக்கும்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா.”

“நல்லா யோசிச்சுப் பாரு.”

“சாப்பிடுறவனை நோண்டாதடி” என்றாள் அம்மா. “வந்த பிள்ளை வயிறாரச் சாப்பிடட்டும். அந்தப் பேச்சை இதோட விடு.”

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரிந்திருக்கும், என்றைக்காவது வாய் தவறிச் சொல்லிவிடுவான். இவன் நிஜமாகவே மறந்திருந்தான். வளர்ந்துவிட்டவர்களுக்கு அந்தாண்டை மறந்துபோகும் என்று எல்லாக் கதையிலும் கடைசிப் பக்கத்தில் வரும், அந்த இடத்தைச் சொல்லும்போது சின்ன வயதில் நான் காதைப் பொத்திக்கொள்வேன். காட்டிக்கொடுத்தவனை எல்லாரும் கட்டிக்கொள்ளும் அத்தியாயமும் எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்தது. புத்தகத்தில் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் மன்னிப்பார்கள். எனக்கு அந்த மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

இப்போது அண்ணன் புனேவில் குடும்பத்தோடு இருக்கிறான். பொன்மலையில் நாங்கள் இருந்த வரிசையை இடித்துவிட்டார்கள், எதிர் வரிசை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அட்டைப்பெட்டிப் புத்தகங்களை வீடு மாறும்போது அப்பா பழைய பேப்பர்காரனிடம் போட்டார், பிறகு அவரும் போய்விட்டார். போன ஆவணியில் அம்மாவும் போனாள். கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்களிடம் என்னைக் காட்டி, “இவதான் அப்பவே சொல்லாம விட்டுட்டா, பாவம், குழந்தைதானே” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் மன்னித்துவிட்டாள். நான் கேட்டது மன்னிப்பு இல்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான். குரலில் ஒரே உற்சாகம். “ஏய், பொண்ணுக்குக் கதை சொல்லிட்டிருந்தேன், திடீர்னு ஞாபகம் வந்துச்சு. நான்தான் உன்னைச் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன். சொன்னா கதவு மூடிக்கும்னு பயமுறுத்தினேன்ல? நீயும் அப்படியே நம்பிட்ட” என்று சிரித்தான்.

“அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாமேண்ணா” என்றேன்.

“இப்பத்தானே ஞாபகம் வருது” என்றான்.