மாமா விட்ட மீன்

சிநேகிதிகளோடு படகில் போகலாமா என்று என் மகள் கேட்டு இரண்டு நாளாகிறது. இன்னும் நான் பதில் சொல்லவில்லை. யமுனைக் கரையில், ஓக்லாவில் கழிந்த ஒரு மே மாதக் காலையைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில் எங்களோடு அம்மாவின் தம்பியும் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி வந்தவர். குளிர்காலம் முழுக்கத் தேடி, வெயில் காலத்திலும் தேடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு வேளையில் அப்பா அதை மிகவும் மரியாதையாக நினைவூட்டுவார். அந்த ஞாயிறு, என்னையும் கூட்டிக்கொண்டு போய் மீன் பிடித்து வருவதாக மாமா அறிவித்தார்.

"மாப்ளே, யமுனையில தண்ணியாவது இருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்றார் அப்பா. அம்மா மசாலா அரைக்க உட்கார்ந்தாள். மாமா வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

"ஏட்டி, இந்த வெயிலுக்குப் பெரிய மீனு மேல வராது. ஆழத்துல, சிப்பி கெடக்க எடத்துல நத்தையத் தின்னுட்டுப் படுத்திருக்கும்" என்றார் மாமா, கரைக்கற்களில் நின்றபடி. தூண்டில் நரம்பை என் விரலில் கொடுத்து, ஈயக்குண்டை அடியோடு இழுக்கச் சொன்னார். சேற்றில் வழுக்கி வந்தது. ஓரிடத்தில் விரலுக்கு நறநறவென்றது.

"அங்கனதான்!" நத்தைச் சதையைக் கோத்து அங்கேயே இறக்கினார்.

வெயில் ஏறிய பிறகு மீன் கவ்வியது. ஒருமுறை புரண்டபோது முதுகைப் பார்த்தேன். என் கை நீளத்துக்குக் கெளுத்தி. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் எழுந்து, "டீல் தோ, மத்ராஸி பாய், டீல் தோ!" என்று கத்தினார். மாமா இழுக்காமல் தளர்த்திவிட்டார். கல்லில் சுருளாகக் கிடந்த நரம்பு சரசரவென்று ஓடியது. நான் சுருளுக்குள் நின்றிருந்தேன்.

கணுக்காலில் சுருக்கு விழுந்தது. பொத்தென்று உட்கார்ந்து, அப்படியே இரண்டு கற்களைத் தாண்டி வழுக்கி, பாதம் தண்ணீரைத் தொட்டது. மாமா வலது கையில் நரம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தார். இடது கையால் கத்தியை எடுத்து, தண்ணீர்ப் பக்கம் அறுத்துவிட்டார். மீன் போய்விட்டது.

"பாகல் ஹோ கயா க்யா?" என்றார் பக்கத்து ஆள். பைத்தியமா என்று எனக்கும் கேட்கத் தோன்றியது. கொஞ்சம் பொறுத்திருந்தால் நானே காலை உருவியிருப்பேனே.

பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. ஆனாலும் இடது கையால் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். வலது கை கால்சட்டைப் பையிலேயே இருந்தது. ஒன்பது வயதுக்காரிக்கு மடி அவமானம், நெளிந்தேன். அவர் விடவில்லை.

வீட்டில், "நரம்பு அத்துட்டு, அத்தான்" என்றார். அது பொய்யென்று எனக்குத் தெரியும். வெட்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அரைத்த மசாலா உருளைக்கிழங்குக்குப் போனது. மாமா வலது கையை வெளியே எடுக்காமல், இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார்.

"மீன் வரலேன்னா என்ன, மாப்ளே தொரை ஆயிட்டாரே" என்றார் அப்பா.

நானும் சேர்ந்து சிரித்தேன்.