சுரங்கத்திலிருந்து நிலையம் வரை

பதுளையிலிருந்து மேலேறும் மாலை ரயில் தூக்கத்தில் நடப்பதுபோல் தேயிலை மலைகளைச் சுற்றுகிறது. பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து எங்கள் மடியில் உட்கார்ந்துகொள்கிறது. எதிரே இருக்கும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கலாம்; நெற்றியில் சிவப்பு ஒட்டுப்பொட்டு. பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை, வீடு தெமோதரைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் என்கிறார்.

சுரங்கத்துக்குள் நுழைகிறோம். வெளிச்சம் திரும்பும்போது அவர் நெற்றியில் பொட்டு இல்லை. அந்தச் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஜன்னல் சட்டத்தில் இருக்கிறது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிடுகிறார்.

"வீட்டுக்காரரு தவறி ஆறு மாசங்க. கடையில மொகம் வாடுனா 'இன்னுமா?'ன்னு கேக்குறாரு மொதலாளி. பொட்டு வச்சு, சிரிச்ச மொகமா நிக்கணும். லயத்துல லேசா சிரிச்சாக்கூட 'அதுக்குள்ளயா?'ங்குறாங்க."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"வாயில பீடிய வச்சுக்கிட்டே பாடுவாருங்க. அத நெனச்சா சிரிப்பும் வரும், அழுகையும் வரும். ரெண்டுக்கும் இந்தச் சொரங்கத்துலருந்து ஸ்டேசன் வரைக்குந்தான்."

ரயில் மலையை ஒரு வட்டமடித்து, கடந்துவந்த சுரங்கத்துக்கே மேலே ஏறுகிறது. பனிக்குள்ளிருந்து நிலையம் மிதந்து வருகிறது. அவர் கண்ணைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுகிறார்.

அப்போதுதான் ஜன்னல் சட்டத்தை நன்றாகப் பார்க்கிறேன். பச்சை, கறுப்பு, மெரூன் என்று ஏழெட்டுப் பொட்டுகள், சில மங்கி, சில ஓரம் சுருண்டு.

"எல்லாம் உங்களோடதா?"

"இல்லீங்க," என்கிறார், படியில் கால் வைத்தபடி. "அந்தச் செவப்பு ஒண்ணுதான் என்னோடது."